தமிழ்த் தொழில்நுட்ப ஆவணங்களில் கலைச்சொல் பட்டியல் அமைத்தல்: லாடெக் அச்சுக்கோப்பில் அகரவரிசையும் உருபேற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல், தொழில்நுட்பப் பொருண்மைகளில் தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளிலும் பாடநூல்களிலும் இறுதியில் இடம்பெறும் கலைச்சொல் பட்டியல், பெரும்பாலும் நூல் எழுதி முடிந்த பின்னர்க் கையால் தொகுக்கப்படுகிறது. லாடெக் என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையில் இப்பட்டியலை நூலின் உடற்பகுதியிலிருந்தே தானாக உருவாக்க இயலும். ஆயினும் இதற்கென அமைந்த கருவிகள் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு உருவானவை. தமிழ் அகரவரிசை, சொற்கள் உருபேற்று வருதல், முதல் ஆட்சியில் ஆங்கில நிகரனைத் தருதல் ஆகிய மூன்று இடங்களில் அவை பிழையான விளைவைத் தருகின்றன. பிழை நேர்ந்தது என்னும் எச்சரிக்கையைத் தருவதில்லை. இவ்விடர்ப்பாடுகளின் காரணங்களையும், இன்றைய கருவிகளைக் கொண்டே அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல் பட்டியல், லாடெக், அகரவரிசை, ஒருங்குறி, வேற்றுமை உருபு, சாரியை, வரிசைத் திறவு

முன்னுரை

இயற்பியலில் 'வேகம்' என்னும் சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசை சுட்டாத அளவைக் குறிக்கிறது. திசையும் சேர்ந்த அளவுக்குத் 'திசைவேகம்' என்று பெயர். இலங்கைப் பாடநூல்களிலோ திசையும் சேர்ந்த அளவே 'வேகம்' ஆகும். திசை சுட்டாத அளவு 'கதி' எனப்படும். தமிழ்நாட்டில் 'முடுக்கம்' எனப்படுவது அங்கே 'ஆர்முடுகல்'. 'ஆற்றல்' அங்கே 'சக்தி'. 'திறன்' அங்கே 'வலு'. இவற்றுள் 'ஆர்முடுகல்' போன்ற சொல்லால் பெரிய தீங்கு நேர்வதில்லை. அதனைப் புதிதாகக் காணும் தமிழ்நாட்டு மாணவர் தமக்குத் தெரியாத சொல் என உணர்ந்து நின்றுவிடுவார், பொருளைத் தேடுவார். 'வேகம்' அத்தகையதன்று. தெரிந்த சொல்லாகவே தோன்றி, படிப்பவர் அறியாமலேயே சமன்பாட்டின் பொருளை மாற்றிவிடும்.

கலைச்சொல் பட்டியலின் தேவை இங்கேதான் தொடங்குகிறது. அது நூலுக்கு அணி சேர்க்கும் பின்னிணைப்பு அன்று. இந்நூலில் இச்சொல் இப்பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது என்று நூலாசிரியர் தரும் உறுதி அது. அந்த உறுதி நிற்க வேண்டுமாயின், உடற்பகுதியில் ஆளப்பட்ட கலைச்சொல் ஒவ்வொன்றும் பட்டியலில் இருத்தல் வேண்டும். ஆளப்படாத சொல் இருத்தல் கூடாது. தேடுபவர் எதிர்பார்க்கும் இடத்தில் சொல் கிடைத்தல் வேண்டும். நூலை முடித்த பின்னர் நினைவிலிருந்தும் பக்கங்களைப் புரட்டியும் தொகுக்கும் பட்டியலில் முதல் இரண்டு நிபந்தனைகளும் எளிதில் தவறிவிடுகின்றன. மூன்றாம் இயலில் 'தகைவு' என எழுதி ஐந்தாம் இயலில் அதே கருத்தைத் 'தகைப்பு' என எழுதியிருப்பது, இரண்டுள் ஒன்றை மட்டும் தாங்கிய பட்டியலால் மறைக்கப்படுமேயன்றி வெளிப்படாது.

உடற்பகுதியிலிருந்து உருவாகும் பட்டியல்

டொனால்டு கனூத் 1978 இல் முதன்முதல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியின் மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பிய கட்டமைப்பே லாடெக். கணிதம், இயற்பியல், கணினியியல் துறைகளின் ஆய்வேடுகள் உலகெங்கும் பெருமளவில் இதில் அமைகின்றன. எழுதுபவர் எளிய எழுத்துக் கோப்பில் உரையையும் கட்டளைகளையும் கலந்து எழுதுகிறார். நிரல் அதனைப் படித்துப் பக்கங்களாக அமைத்துத் தருகிறது. ஒருங்குறித் தமிழை நேரடியாக ஏற்கும் வாய்ப்பு ஜோனதன் கியூ 2004 இல் வெளியிட்ட ஸீடெக் பொறியால் பரவலாயிற்று. பின்னர் லுவாடெக் பொறியும் அவ்வாய்ப்பைத் தந்தது. தமிழில் எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றையே பயன்படுத்துதல் வேண்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கென இன்று பெரிதும் ஆளப்படுவது நிக்கோலா டால்பட் உருவாக்கிய 'குளோசரீஸ்' என்னும் தொகுப்பாகும். 2007 முதல் வழக்கிலுள்ள இதற்கு 'குளோசரீஸ்-எக்ஸ்ட்ரா' என்னும் விரிவும் உண்டு. இதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஒரு பதிவு எழுதப்படுகிறது. பதிவுக்கு ஓர் அடையாளப் பெயரும், சொல், விளக்கம், பன்மை, குறியீடு, முதல் ஆட்சியில் வரவேண்டிய வடிவம், வரிசைத் திறவு முதலிய புலங்களும் உண்டு. உடற்பகுதியில் அச்சொல் வரவேண்டிய இடத்தில் சொல்லைத் தட்டச்சு செய்யாமல், 'ஜிஎல்எஸ்' என்னும் கட்டளையுடன் அடையாளப் பெயர் எழுதப்படுகிறது. நிரல் சொல்லை அங்கே அச்சிட்டு, பட்டியலில் உள்ள பதிவுக்கு இணைப்பையும் அமைத்து, இச்சொல் இப்பக்கத்தில் ஆளப்பட்டது எனத் துணைக்கோப்பில் குறித்துவைக்கிறது. அத்துணைக்கோப்பைத் தனி நிரல் ஒன்று வரிசைப்படுத்துகிறது. மறுமுறை லாடெக்கை ஓட்டும்போது வரிசைப்பட்ட பட்டியல் நூலில் இடம்பெறுகிறது. இடையிலுள்ள வரிசைப்படுத்தும் படியை மறந்தவர்க்குப் பட்டியல் வாராது. புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது.

இம்முறையின் பயன் அச்சழகில் இல்லை. 'தகைவு' என்னும் பதிவு ஒன்றே இருக்கும்போது ஐந்தாம் இயலில் 'தகைப்பு' நுழைய வழியில்லை. வழிகாட்டியின் அறிவுரையால் சொல்லையே மாற்ற நேர்ந்தாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பதிவு செய்யாத அடையாளப் பெயரை எழுதினால் நிரல் உடனே முறையிடும். பதிவு செய்தும் ஆளாத சொல் பட்டியலில் ஏறாது. முன்னர்க் கூறிய மூன்று நிபந்தனைகளுள் இரண்டு இவ்வாறு தாமாகவே நிறைவேறுகின்றன. தமிழுக்கு இடர் தருவது மூன்றாவது.

குறியெண் வரிசையும் அகரவரிசையும்

தகைவு, தடை, தமனி, தரவு, தளம், தற்சுழற்சி, தன்னிலை, தனிமம் என்னும் எட்டுச் சொற்களைக் கொள்வோம். இங்கே தரப்பட்டிருப்பது அகராதி வரிசை. இவற்றையே இயல்பான அமைப்புகளுடன் வரிசைப்படுத்தச் செய்தால் தகைவு, தடை, தனிமம், தன்னிலை, தமனி, தரவு, தற்சுழற்சி, தளம் என்று வரும். எட்டனுள் ஆறு சொற்கள் இடம் மாறிவிட்டன. எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் பார்த்தால் ஒழுங்கான பட்டியலாகவே தோன்றும்.

காரணம் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி அமைந்த விதம். இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான சட்டகமாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் இந்தியத் தரத்தைப் பின்பற்றியே ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அச்சட்டகத்தின் வரிசை தேவநாகரியை ஒட்டியது. தமிழில் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் எழுத்துகள் அதில் தத்தம் ஒலியினத்தின் அருகே வைக்கப்பட்டன: னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் நின்றன, வகரம் அவற்றுக்குப் பின்னே தள்ளப்பட்டது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே அமர்ந்தது. குறியெண்ணின் வரிசையே அகரவரிசை என ஒருங்குறி எங்கும் கூறவில்லை. வரிசைப்படுத்தலுக்கெனத் தனி நெறிமுறையே வகுத்துள்ளது. அந்நெறிமுறையைக் கேளாமல் குறியெண்ணை மட்டும் பார்க்கும் கருவிகளால்தான் சிக்கல்.

இன்னொரு வேறுபாடு இதனினும் நுட்பமானது. அகராதிகளில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னே நிற்கும். ஆதலால் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். ஒருங்குறியிலோ மெய் தனி எழுத்தன்று. அகரமேறிய ககரத்தின் மேல் புள்ளி என்னும் குறி சேர்ந்ததே ககர மெய். அப்புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னே உள்ளது. ஆகவே குறியெண் வரிசையில் 'பகல்' முந்த, 'பக்கம்' அவ்வெழுத்துத் தொகுதியின் கடைசியில் போய்ச் சேரும். தன்னிலையும் தனிமமும் மேலே இடம் மாறியது இதனால்தான்.

குளோசரீஸ் தொகுப்பு இயல்பாக அழைக்கும் வரிசைப்படுத்தும் நிரல் 'மேக்இன்டெக்ஸ்'. 1980களின் பிற்பகுதியில், ஒருங்குறிக்கு முன்னர் உருவானது. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. இன்று வழக்கிலுள்ள குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; அவற்றுள் முதல் பைட்டு எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. எனவே அகரமும் வகரமும் அந்நிரலுக்கு ஒரே முதலெழுத்தாகத் தோன்றுகின்றன. ஆங்கிலப் பட்டியல்களில் காண்பது போல எழுத்துவாரியான தலைப்புகளையும் இடைவெளிகளையும் அது தமிழுக்கு அமைத்துத் தர இயலாமைக்கு இதுவே காரணம்.

தட்டச்சுப் பிழை ஒன்றையும் இங்கே சுட்டுதல் தகும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்; கணினிக்கு அவை வேறு. 'ஒளி' என்னும் சொல்லில் ஒகரமும் ளகரமும் உண்மையாகவே அடுத்தடுத்து வருவதால், எந்த நிரலும் இப்பிழையைத் தானே திருத்திவிட இயலாது. பதிவு எழுதும்போதே பார்த்தல் வேண்டும்.

நான்கிலக்க வரிசைத் திறவு

பதிவின் புலங்களுள் ஒன்று வரிசைத் திறவு எனக் கண்டோம். அச்சில் வருவது சொல். வரிசைப்படுத்தும் நிரல் பார்ப்பது திறவு. திறவைத் தமிழ் நெடுங்கணக்குக்கு ஏற்ப நாமே தந்துவிட்டால் எந்தப் பழைய நிரலும் சரியாக வரிசைப்படுத்தும்.

அதற்கு எளிய வழி, ஒவ்வோர் எழுத்தையும் 4 இலக்கமாக எழுதுவது. முதல் 2 இலக்கம் மெய்யின் எண். அடுத்த 2 இலக்கம் உயிரின் எண். க் 01, ங் 02 எனத் தொடங்கி ன் 18 வரை. அ 01 தொடங்கி ஔ 12 வரை. தனி உயிருக்கு முன்னிரண்டு இலக்கமும் 00, ஆய்தம் 0013. தனி மெய்க்குப் பின்னிரண்டு இலக்கமும் 00. இவ்வாறு ககர மெய் 0100, ககரம் 0101, காகாரம் 0102 ஆகும். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்மெய் 216 என்னும் 247 எழுத்துகளும் நெடுங்கணக்கு வரிசையிலேயே இவ்வெண்களில் அமைந்துவிடுகின்றன. 'தன்னிலை' 0701 1800 1803 1309 ஆகவும் 'தனிமம்' 0701 1803 1001 1000 ஆகவும் வரும். இரண்டாம் நான்கிலக்கத்தில் 1800 முந்துவதால் தன்னிலை முன்னே நிற்கிறது. 'தளம்' 0701 1601 1000 ஆதலால் இரண்டுக்கும் முன்னே சென்றுவிடும்.

சொல்லை உயிரும் மெய்யுமாகப் பிரித்து, பிரித்த ஒலிகளுக்கு மட்டும் எண் தந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. 'பகல்' என்பதில் ககர மெய்யை அடுத்து அகரம் வரும். 'பக்கம்' என்பதில் ககர மெய்யை அடுத்து மற்றொரு ககர மெய் வரும். உயிர் மெய்க்கு முந்துவதால் பகல் முன்னே போய்விடும். உயிர் இல்லாத இடத்தை 00 என நிரப்பும்போதுதான் அகராதி மரபு கிடைக்கிறது. எழுத்துத் தொடக்கூடிய சிறு நிரல்கள் பலவற்றில் இப்பிழை நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி.

மேக்இன்டெக்ஸைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். முற்றிலும் இலக்கங்களாலான திறவை அந்நிரல் எண்ணாகவே கொள்ளும். எண்ணின் பருமையை ஒட்டி வரிசைப்படுத்தும். அப்போது நீளமான சொற்களெல்லாம் கடைசிக்குப் போய்விடும். திறவின் தொடக்கத்தில் ஏதேனும் ஓர் ஆங்கில எழுத்தை எல்லாப் பதிவுகளுக்கும் ஒன்றுபோலச் சேர்த்துவிட்டால் இவ்விடர் நீங்கும். எழுத்துவாரித் தலைப்புகளை அணைத்துவிடுவதும் நன்று.

நூற்றுக்கணக்கான சொற்களுக்குத் திறவைக் கையால் எழுதுவது வேண்டாத உழைப்பு; பிழைக்கும் இடமளிக்கும். பைத்தான் போன்ற மொழியில் ஒரு பக்க அளவிலான நிரல் போதும். லுவாடெக் பொறியைப் பயன்படுத்துவோர் அச்சுக்கோப்பின்போதே திறவு கணிக்கப்படுமாறு லுவா மொழியில் எழுதிக்கொள்ளலாம். லாடெக் அறியாதவர்க்கும் இத்திறவு பயன்படும்: விரிதாளில் சொல்லுக்கு அருகே ஒரு நெடுவரிசையில் திறவை வைத்து அதனைக் கொண்டு வரிசைப்படுத்தினால் போதும்.

மற்றொரு வழி, டால்பட் 2017 இல் வெளியிட்ட 'பிப்-டு-ஜிஎல்எஸ்' என்னும் நிரல். பதிவுகள் அனைத்தையும் நூற்பட்டியல் தரவைப் போலத் தனிக்கோப்பில் வைத்துக்கொண்டு, நூலில் ஆளப்பட்டவற்றை மட்டும் அது எடுத்துத் தரும். இதனை இயக்க ஜாவா தேவை. மொழியின் பெயரைத் தந்தால் அம்மொழிக்குரிய நெறிப்படி வரிசைப்படுத்த முயலும். ஆயின் ஜாவாவின் பதிப்புக்கேற்ப விளைவு மாறக்கூடும் என்பதால், தமிழுக்கு அதனை நம்பிவிடாமல் மேற்கண்ட எட்டுச் சொற்களை இட்டுச் சோதித்துக்கொள்ளுதல் நலம். வரிசை நெறியை நாமே எழுதித் தரும் வாய்ப்பும் அதில் உண்டு. எழுத்துகளை நெடுங்கணக்கு வரிசையில் இடையிடையே சிறிது என்னும் கணிதக் குறியிட்டு எழுதுவதே அந்நெறி. ஒரு துறையின் ஆய்வாளர் பலர் ஒரே சொற்கோப்பைப் பகிர்ந்துகொள்ள எண்ணினால் இவ்வழியே ஏற்றது.

கிரந்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் நூலாசிரியரே. கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ, க்ஷ என 19 முதல் 24 வரை எண்ணிட்டு வைப்பது பொருந்தும். சொல்லின் இடையில் வரும் ஆய்தத்துக்கு மரபான இடமே சரி. 'அஃறிணை' அகர வரிசையின் முன்பகுதியில் நிற்கும். 'ஃபோட்டான்' போன்ற சொற்களின் நிலை வேறு. குறியெண் வரிசையில் ஆய்தம் அகரத்துக்கும் முன்னே உள்ளதால் இச்சொல் பட்டியலின் தலையில் ஏறிவிடும். மரபு வரிசையில் ஔகாரத்துக்கும் ககரத்துக்கும் இடையே நிற்கும். படிப்பவர் இரண்டிடங்களிலும் தேடுவதில்லை. பகர ஓகாரத்தில்தான் தேடுவார். ஆதலால் சொன்முதல் ஆய்தத்தைத் திறவில் விட்டுவிடுவதே தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எம்முறையைக் கொண்டாலும் பட்டியலின் தலைப்பில் ஒரு வரியில் அதனைக் குறிப்பிட்டுவிடுதல் வேண்டும்.

உருபேற்கும் கலைச்சொல்

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் ஒருமை, பன்மை என்னும் இரு வடிவங்களில் வந்தால் பெரும்பாலும் போதும். குளோசரீஸ் தொகுப்பு அவ்விரண்டையே எதிர்பார்க்கிறது. பன்மை வடிவத்தைத் தரவில்லையெனில் தானாக ஆங்கிலப் பன்மை எழுத்தைச் சேர்த்துவிடும். 'அணு' என்பதன் பின்னே ஓர் எஸ் ஒட்டிக்கொண்டு அச்சாவதைக் காணலாம். அவ்விகுதியைக் 'கள்' என மாற்றியமைக்க வழியுண்டு. அதனாலும் முழுத்தீர்வு இல்லை: அணுக்கள், படலங்கள், கற்கள், மதிப்புகள் எனத் தமிழ்ப் பன்மை சொல்லின் ஈற்றுக்கேற்ப மாறும். பன்மையைப் பதிவுதோறும் எழுதிவிடுவதே நேரிய வழி.

வேற்றுமையில் இடர் பெரிது. 'வெப்பம்' என்னும் சொல் வெப்பத்தை, வெப்பத்தால், வெப்பத்தின், வெப்பத்தில் என அத்துச் சாரியை பெற்றே உருபேற்கிறது. 'கோட்பாடு' கோட்பாட்டை எனவும், 'செல்' செல்லை எனவும், 'விசை' விசையை எனவும், 'அணு' அணுவை எனவும் திரியும். கட்டளை 'வெப்பம்' என அச்சிட்ட பின் அதனருகே 'ஐ' சேர்ப்பதால் தமிழ் வாராது. இதனாலேயே தமிழில் எழுதுவோர் சிலர் எழுவாயாக வரும் இடங்களில் மட்டும் கட்டளையைப் பயன்படுத்தி, மற்ற இடங்களில் சொல்லை நேராகத் தட்டச்சு செய்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் ஒருமைப்பாடு குறித்து இம்முறை தரும் உறுதி முழுவதும் போய்விடும். தமிழ் உரையில் கலைச்சொல் உருபின்றி வரும் இடங்கள் குறைவு.

தீர்வு, பதிவில் புதியதொரு புலத்தைச் சேர்ப்பது. புதிய புலம் வகுக்கும் கட்டளை இத்தொகுப்பிலேயே உள்ளது. உருபேற்பதற்கு ஆயத்தமான அடிச்சொல்லை அதில் வைக்கிறோம்: வெப்பத்த, கோட்பாட்ட, செல்ல, விசைய, அணுவ. ஒருங்குறியில் அகரமேறிய எழுத்தின் பின் உயிர்க்குறியை இட்டால் அது உயிர்மெய்யாகிவிடுவதால், இவ்வடிச்சொல்லை அடுத்து ஐகாரக் குறியோ, 'இல்', 'இன்', 'ஆல்' என்பவற்றின் முதலுயிருக்குரிய குறியும் எஞ்சிய மெய்யுமோ சேர்ந்தால் முழுச்சொல் கிடைக்கும். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதி அடிச்சொல்லைக் கணிக்கவும் முடியும்; ஆனால் சில நூறு சொற்களுக்கு அது மிகையான வேலை. ஆசிரியர் ஒருமுறை எழுதிவிடுவதே விரைவு. (புதிய புலத்தை வகுக்கும்போது முதலெழுத்தைப் பெரிதாக்கும் கட்டளைக்கும் எல்லா எழுத்துகளையும் பெரிதாக்கும் கட்டளைக்கும் பெயர் கேட்கப்படும். தமிழுக்கு ஒருபோதும் பயன்படா அவற்றுக்கும் ஏதேனும் பெயர் தந்தே ஆக வேண்டும்.)

உருபின் குறி, இணைப்பின் எல்லைக்கு வெளியே விழாதவாறு பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. மின்னூலில் கலைச்சொல் பட்டியலுக்கு இணைக்கப்பட்டு வண்ணத்தில் தோன்றும். அவ்வண்ணம் தகரத்தோடு முடிந்து, ஐகாரக் குறி வெளியே நின்றால், எழுத்துருவுக்கு அவ்விரண்டும் ஓரெழுத்து எனத் தெரியாது. ஐகாரக் குறி தகரத்துக்கு முன்னே செல்லாமல், புள்ளிகளாலான வட்டத்துடன் தனித்து அச்சாகும். ஜிஎல்எஸ் கட்டளையின் இறுதியில் சதுர அடைப்புக்குள் தரப்படும் பகுதி இணைப்புக்கு உள்ளேயே சேர்க்கப்படும். ஆங்கிலத்தில் உடைமை விகுதிக்கென வைக்கப்பட்ட அவ்விடமே நம் உருபுக்கும் உரியது.

முதல் ஆட்சியில் ஆங்கில நிகரன்

கலைச்சொல் முதன்முறை வரும்போது அதன் ஆங்கில நிகரனை அடைப்புக்குறிக்குள் தந்து, பின்னர்த் தமிழ்ச்சொல்லை மட்டும் ஆள்வது தமிழ் அறிவியல் எழுத்தில் வழக்கம். இத்தொகுப்பு சொல்லின் முதல் ஆட்சியைத் தானே கண்டுகொள்ளக்கூடியது. இயல்களை முன்பின்னாக மாற்றியமைத்தாலும் அடைப்புக்குறி சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும். கையால் எழுதுவோர் இயல் மாற்றத்துக்குப் பின் இதனைச் சரிபார்ப்பதில் படும் பாடு சிறிதன்று.

இங்கும் உருபு குறுக்கிடுகிறது. முதல் ஆட்சிக்குரிய புலத்தில் 'வெப்பம்' என்பதையும் அடைப்புக்குள் ஆங்கிலத்தையும் எழுதிவைத்து, சதுர அடைப்பில் உருபைத் தந்தால், உருபு அடைப்புக்குறிக்குப் பின்னே போய் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியதோ 'வெப்பத்தை' என முடிந்த சொல்லும், அதன்பின் அடைப்பும். புதிய புலத்தை அச்சிடும் கட்டளைகளோ முதல் ஆட்சியைக் கணக்கில் கொள்வதேயில்லை. சொல் முதன்முறை 'வெப்பத்தை' என வந்தால் ஆங்கிலம் அச்சாகாது, அடுத்து எங்கோ 'வெப்பம்' என வரும்போது அச்சாகும்.

எனவே தமிழுக்கெனச் சொந்தக் கட்டளை ஒன்றை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். அடையாளப் பெயர், உருபு என்னும் இரண்டை அது பெறும். சொல் இதற்குமுன் ஆளப்பட்டதா எனச் சோதிக்கும். ஆளப்படவில்லையெனில் அடிச்சொல், உருபு, அடைப்புக்குள் ஆங்கில நிகரன் ஆகியவற்றை இம்முறையே அச்சிடும்; ஆளப்பட்டிருப்பின் அடிச்சொல்லும் உருபும் மட்டும். சோதிக்கும் கட்டளையும், விரும்பிய தொடரை அச்சிட்டு முதல் ஆட்சி முடிந்ததாகவும் குறித்துக்கொள்ளும் 'ஜிஎல்எஸ்-டிஸ்ப்' கட்டளையும் தொகுப்பில் ஏற்கெனவே உள்ளன. இரண்டையும் இணைக்கும் ஐந்தாறு வரிகளே தேவை. ஆங்கில நிகரனுக்கு எனவும் தனிப்புலம் வைத்துக்கொள்ளலாம்.

வல்லினம் மிகும் இடங்களை எவ்வாறு கையாள்வது? 'வெப்பத்தைக் கடத்தும்' என்பதில் மிகும் ககர மெய் அடுத்த சொல்லைப் பொறுத்தது. நிரல் அதனை அறியாது. உருபின் ஒரு பகுதியாகவே அதனையும் எழுதிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. முதல் ஆட்சியில் அம்மெய் அடைப்புக்குறிக்கு முன்னரே, சொல்லோடு ஒட்டி அச்சாகும். அடைப்புக்குப் பின்னே ஒற்றை மட்டும் தனியே நிறுத்துவதைக் காட்டிலும் இது கண்ணுக்கு உறுத்தாது.

இருவழிப் பட்டியலும் வட்டார வழக்கும்

தமிழ்ச்சொல் முதலாக ஒன்றும் ஆங்கிலச்சொல் முதலாக ஒன்றும் என இரு பட்டியல்கள் வேண்டப்படுவது இயல்பு. ஒன்றை எழுதி மற்றொன்றைத் தனியே படியெடுத்தால் இரண்டும் காலப்போக்கில் வேறுபட்டுவிடும். பிப்-டு-ஜிஎல்எஸ் நிரலில் இரட்டைப் பதிவு என்னும் வகை உண்டு. ஒரே பதிவிலிருந்து சொல்லும் நிகரனும் இடம் மாறிய இரு பட்டியல்களை அது தரும். ஒவ்வொரு பட்டியலுக்கும் வெவ்வேறு வரிசை நெறி கூறலாம். தமிழில் 'தடை' என ஒரே சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் இரு கருத்துகளாகப் பிரியும்போது, இரு அடையாளப் பெயர்களுடன் இரு பதிவுகள் எழுதுதல் வேண்டும். ஒரே பதிவில் இரு நிகரன்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் ஆங்கிலப் பட்டியலில் இரண்டாவது சொல் அதற்குரிய இடத்தில் கிடைக்காது.

அடையாளப் பெயர்களை ஆங்கிலக் கருத்துப்பெயரால் அமைப்பது நன்று எனத் தோன்றுகிறது. ஸீடெக், லுவாடெக் பொறிகளில் தமிழிலும் அமைக்கலாம். ஆனால் 'தகைவு' என்னும் சொல்லையே பின்னர் மாற்ற நேர்ந்தால், உடற்பகுதி முழுவதும் பழைய தமிழ்ச்சொல்லே அடையாளமாக நின்று குழப்பும்.

இலங்கை வழக்கையும் தமிழ்நாட்டு வழக்கையும் ஒருங்கே கருதும் நூல்களுக்கு 'காண்க' என்னும் குறிப்புப் பதிவுகள் உதவும். நூலில் ஆளாத சொல்லாயினும் 'ஆர்முடுகல்' என்பதைப் பட்டியலில் ஏற்றி, 'முடுக்கம் காண்க' எனச் சுட்டுவதற்குத் தனிப்புலம் உள்ளது. 'வேகம்' போன்ற சொல்லுக்கு இக்குறிப்புப் போதாது. அதன் விளக்கப் புலத்திலேயே, இந்நூலில் இது திசை சுட்டாத அளவு என்பதையும், இலங்கைப் பாடநூல்களில் இதே சொல் திசையும் சேர்ந்த அளவைக் குறிக்கும் என்பதையும் எழுதுதல் வேண்டும். சொல்லால் ஒன்றுபட்டுப் பொருளால் வேறுபடும் இத்தகையவற்றை நூலாசிரியர் முன்னரே தேடி எடுத்துப் பதிவு செய்தாலன்றி, எந்த நிரலும் சுட்டிக்காட்டாது.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் பிடிஎஃப் கோப்பில் 'கோட்பாட்டை', 'வெப்பத்தை' போன்ற சொற்களைத் தேடிப்பார்த்தல் நல்லது. எழுத்துருவின் வடிவங்கள் மட்டும் பதிந்த கோப்பில் ஒகர, ஓகார, ஐகாரக் குறிகள் இடம் மாறிச் சேமிக்கப்பட்டுத் தேடலுக்கு அகப்படாமல் போகலாம். ஸீடெக்கில் இதற்கெனவே மூல எழுத்தையும் உடன் பதியும் கட்டளை உண்டு. முகவுரைப் பகுதியில் அதனை இயக்கிவிட்டு மறுமுறை ஓட்டினால் போதும். பிடிஎஃப் கோப்புடன் சொற்கோப்பையும் திறவு கணிக்கும் நிரலையும் சேர்த்துத் துறை நூலகத்தில் வைத்தால், அடுத்து வரும் ஆய்வாளர் அதே பதிவுகளிலிருந்து தொடங்கலாம். எந்தச் சொல்லை மாற்றினார் என்பதும் இரு கோப்புகளை ஒப்பிட்டாலே தெரியவரும்.